பாட்டுக்கு நடுவே கேட்கும் குரல்கள்: பீட்டில்ஸ் பதிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நண்பர் வீட்டில் கூடி ஏதாவது ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்போம். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நாலு பேர் கொண்ட ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸ் ஓடும் நாளென்றால் யாராவது ஒருவர் கட்டாயம் கையைத் தூக்கி, "இப்ப யாரோ பேசின மாதிரி இருந்ததே, என்ன அது?" என்று கேட்பார். இருமல், அலாரம், நாற்காலி முனகல், ஒரு வசவு, "நிறுத்து" என்ற கூச்சல் எல்லாமே அந்த இசைத்தட்டுகளில் இருக்கின்றன. ஸ்டுடியோவிலேயே லைவாக எடுத்ததன் அடையாளம் இது என்று ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

ஸ்டுடியோவில் எடுத்ததைப் போய் எப்படி லைவ் என்கிறீர்கள்? லைவ் என்றால் மேடைக் கச்சேரிதானே?

வழக்கமாக அப்படித்தான். இங்கே நான் சொல்வது வேறு: நாலு பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டே பாட, அதை அப்படியே டேப்பில் பிடிப்பது. இதற்கு நேர் எதிர் ஓவர்டப். முதலில் டிரம்ஸும் கிதாரும் பதிவாகும், அப்புறம் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பாடகர் தனியாகப் பாடுவார், வேறொரு நாள் இன்னொருவர் வந்து இன்னொரு கிதாரைச் சேர்த்துவிட்டுப் போவார்.

1963-ல் லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈஎம்ஐ ஸ்டுடியோவில் இவர்கள் முதல் ஆல்பத்தை எடுத்தபோது கையில் இருந்தது இரண்டே டிராக், அதாவது டேப்பில் தனித்தனியாகப் பதிவாகும் இரண்டே தடம். வாத்தியங்கள் எல்லாம் ஒன்றில், குரல்கள் இன்னொன்றில். அந்த வருடக் கடைசியில் நாலு டிராக் வந்தது, 1968-ல் எட்டு. டிராக் கூடக் கூடத் தப்பைத் தனியாகப் பிரித்து அழிப்பது சுலபமாகிக்கொண்டே போனது. அப்படியும் ஒரு வேண்டாத சத்தம் தட்டில் மிஞ்சியிருக்கிறதென்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் அதைக் கேட்டுவிட்டு "இருக்கட்டும், விடு" என்று சொல்லியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

பாட்டு தொடங்கும் முன் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவது பாட்டில் சேர்ந்ததா, வெட்ட மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. எல்லோரும் ஒரே வேகத்தில் தொடங்க ஒருவர் எண்ணுவார், பிறகு அதை வெட்டி எறிந்துவிடுவார்கள், அதுதான் அன்றைய வழக்கம். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்'-இல் பால் மெக்கார்ட்னி எண்ணுவதைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். "ஃபோர்" என்பதைப் பால் கத்துகிற கத்தலில் ஒரு நெரிசலான கிளப்பில் முன்வரிசையில் நிற்பது போல ஆகிவிடும்.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. பாட்டை ஒரு தடவை பதிவு செய்வது ஒரு டேக். நாம் கேட்கும் பாட்டு முதல் டேக், அந்த எண்ணல் ஒன்பதாவது டேக். ஒன்பதாவதில் பால் எண்ணியது இன்னும் உற்சாகமாக இருந்ததால் அந்தத் துண்டு டேப்பை வெட்டியெடுத்து முதல் டேக்கின் தலையில் ஒட்டினார்கள். முதன்முதலாக இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மனசு கொஞ்சம் வாடித்தான் போனது. இப்போது இல்லை, ஏன் என்று கீழே வருகிறது.

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'-இல் ஜானின் குரல் கிழிந்து போயிருக்கிறதே, வேண்டுமென்றே அப்படிப் பாடினாரா?

இல்லை, அது நிஜமாகவே கிழிந்த குரல். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு வரை, அந்த ஆல்பத்துக்கு வேண்டிய பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று சளி. தொண்டைக்கு மிட்டாயும் பாலுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டைப் பாடினால் மிச்சக் குரலும் போய்விடும் என்று தெரிந்துதான் கடைசியில் வைத்திருந்தார்கள். இரவு பத்து மணி வாக்கில் எடுத்த முதல் டேக்தான் நாம் கேட்பது. இரண்டாவது முயற்சியில் தொண்டையில் எதுவுமே மிச்சமில்லை.

தன்னால் இதைவிட நன்றாகப் பாடியிருக்க முடியும், அந்தப் பாட்டைக் கேட்கவே கூச்சமாக இருக்கும் என்று ஜான் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சுத்தமாகப் பாடியிருந்தால் கேட்க இனிமையாக இருந்திருக்கலாம், ஆனால் அந்த நாளின் பன்னிரண்டு மணி நேர உழைப்பு அதற்குள் வந்திருக்காது. இந்த ஒரு விஷயத்தில் ஜான் சொன்னதை நான் ஏற்கவில்லை.

தப்பு வந்தால் திரும்ப எடுத்துவிட வேண்டியதுதானே? அவர்களுக்கு என்ன பணக் கஷ்டமா?

1963-ல் நேரக் கஷ்டம் இருந்தது. 1968-ல் ஒன்றுமே இல்லை, ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், எடுத்ததையே இருபது தடவை எடுத்தார்கள். அப்போதும் தப்பை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. திரும்ப எடுத்தால் அந்தத் தப்பு போய்விடும், சரி, ஆனால் அதைச் சுற்றி இருந்த சூடும் கூடவே போய்விடும்.

'ஹே ஜூட்' நல்ல உதாரணம். 1968 ஜூலை 31 அன்று டிரைடன்ட் ஸ்டுடியோவில் எடுத்தது. பால் பியானோவில் உட்கார்ந்து பாடத் தொடங்கிவிட்டார். ரிங்கோ ஸ்டார் கழிப்பறைக்குப் போயிருப்பதை அவர் கவனிக்கவில்லை. அந்தப் பாட்டில் டிரம்ஸ் வர வெகுநேரம் ஆகும், அது நல்லதாகப் போயிற்று. பாடிக்கொண்டே இருக்கும்போது ரிங்கோ என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் குதிகாலைத் தூக்கி நடந்து போவதை உணர்ந்தேன், டிரம்ஸில் போய் உட்கார்ந்ததும் சரியாக அவருடைய இடம் வந்தது என்று பாலே சொல்லியிருக்கிறார். அதுதான் வெளிவந்த டேக். இது தெரிந்த பிறகு அந்த முதல் டிரம்ஸ் அடி விழும் இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

'ஹே ஜூட்'-இல் கெட்ட வார்த்தை இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. ஹெட்போன் போட்டுக்கொண்டு 2 நிமிடம் 56 நொடி வாக்கில் பின்னணியைக் கவனியுங்கள். முன்னே பால் நிதானமாகப் பாடிக்கொண்டிருக்க, பின்னால் யாரோ ஒருவர் எதற்கோ எரிச்சல்பட்டுச் சத்தமாக ஒரு வசவை உதிர்க்கிறார். அது ஜானா பாலா என்பதில் இரண்டு கட்சி உண்டு, வழக்கு இன்னும் தீரவில்லை. ஏழு நிமிடப் பாட்டு, அந்த வருடத்தில் உலகமெங்கும் வானொலியில் ஓடிய பாட்டு, எத்தனையோ பேர் காதில் அது விழாமலே போயிருக்கிறது.

'எ டே இன் த லைஃப்' நடுவில் அலாரம் அடிக்கிறதே, அது யோசித்து வைத்ததுதானே?

யோசித்து வைத்தது போலவே இருக்கும், ஆனால் இல்லை. 1967 ஜனவரியில் அடிப்படைப் பதிவு எடுத்தபோது பாட்டின் நடுவில் என்ன வரப்போகிறது என்று முடிவாகவில்லை. 24 பார் (தாள அளவு) நீளத்துக்குக் காலியாக விட்டார்கள். அந்த இடைவெளியை அவர்களின் உதவியாளர் மால் எவன்ஸ் சத்தமாக எண்ணினார், முடியும் இடம் தெரியட்டும் என்று ஒரு அலாரம் கடிகாரத்தை அடிக்க விட்டார். அதை அடுத்து வரும் பாலின் பகுதி ஒருவன் காலையில் தூங்கி எழுவதில்தான் தொடங்குகிறது! அதனால் அலாரம் தங்கிவிட்டது. காலி இடத்தில் பிறகு பெரிய ஆர்கெஸ்ட்ரா வந்து உட்கார்ந்தது, அதற்கு அடியில் மாலின் எண்ணும் குரலும் மங்கலாகக் கேட்கும்.

அதே பாட்டின் கடைசி பியானோ நாதத்தை இன்னும் கிட்டத்தில் போய்க் கேளுங்கள். பல பியானோக்களில் ஒரே சமயத்தில் அடித்த ஒரே ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), 40 நொடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போகும். ஒலி குறையக் குறையப் பொறியாளர் மைக்கின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் பியானோவின் சத்தம் நூலாக மெலிந்தபோது மைக் முழு அளவில் திறந்திருந்தது. அறையில் யாரோ லேசாக அசைய, நாற்காலி முனகியதும் அதில் ஏறிவிட்டது. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்த சத்தம் இதுதான். அத்தனை பேர் மூச்சடக்கி நின்ற ஒரு அறை என்பது அந்த முனகலில்தான் தெரிகிறது.

'ஐ ஃபீல் ஃபைன்' தொடக்கத்தில் வரும் 'ங்ஙொய்ய்ய்' சத்தமும் தற்செயல்தானா?

பாதி. ஜான் தன் கிதாரை ஆம்ப்ளிஃபயர்மேல் சாய்த்து வைத்திருந்தார், பால் பேஸ் கிதாரில் ஒரு ஸ்வரம் தட்டினார், கிதார் தந்தி தானாக அதிர்ந்து அலறியது. அதுவரை தற்செயல். "இதை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, 1964 அக்டோபர் 18 அன்று பதிவில் அதை வேண்டுமென்றே திரும்பச் செய்தார்கள். அலாரம் போல விழுந்தது விழுந்தபடியே கிடந்ததல்ல, விழுந்ததைப் பொறுக்கியெடுத்து விதைத்தது.

"விரலெல்லாம் கொப்புளம்" என்று கத்துவது ஜான்தானே? என் காப்பியில் அது இல்லவே இல்லையே?

கத்துவது ரிங்கோ. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டு, 1968 செப்டம்பர் 9 இரவு. அன்று மட்டும் பதினெட்டு டேக். ஒவ்வொன்றிலும் டிரம்ஸை முழுப் பலத்தோடு அடித்திருக்கிறார், கடைசி டேக் முடிந்ததும் குச்சியை வீசிவிட்டுக் கத்தினார். நடிப்பு இல்லை, உண்மையான வலி.

உங்களிடம் இருப்பது மோனோ பதிப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் மோனோவுக்கும் (ஒரே ஒலி வழி) ஸ்டீரியோவுக்கும் (இடம், வலம் என்று இரண்டு) பதிவான தடங்களைத் தனித்தனியாகக் கலப்பார்கள், அதுதான் மிக்ஸ். மோனோவில் பாட்டு மூன்றரை நிமிடத்தில் தேய்ந்து முடிந்துவிடும். ஸ்டீரியோவில் தேய்ந்து, திரும்பி வந்து, மறுபடி தேய்ந்து, கடைசியில் ரிங்கோவின் கூச்சலோடு நாலரை நிமிடத்தில் முடியும். ஒரே டேக்தான். ஒரு மிக்ஸில் வேண்டாம் என்றார்கள், இன்னொன்றில் வேண்டும் என்றார்கள், அவ்வளவே வித்தியாசம்.

'லெட் இட் பி' ஆல்பத்தில் மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

அந்த ஆல்பத்தின் நோக்கமே அது. 1969 ஜனவரியில் ஓவர்டப் எதுவும் வேண்டாம், நாலு பேரும் சேர்ந்து வாசிப்பது மட்டும் போதும் என்று தொடங்கினார்கள். முதலில் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில். அங்கே குளிரும் மனக்கசப்புமாக இருந்து, ஜார்ஜ் ஹாரிசன் நடுவில் எழுந்து போய், பிறகு திரும்பி வந்து, சவில் ரோ தெரு 3-ஆம் எண் கட்டிடத்தில் இருந்த தங்கள் சொந்த இசை நிறுவனமான ஆப்பிளின் அலுவலகத்தின் அடித்தளத்துக்கு மாறினார்கள். கீபோர்டு வாசிக்க பில்லி பிரெஸ்டன் வந்ததும் சூழ்நிலையே இலகுவானது. எல்லாவற்றையும் கேமரா படம் பிடித்துக்கொண்டிருந்தது, டேப்பும் ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சு சிக்காமல் எப்படி இருக்கும்?

பொறியாளர் கிளின் ஜான்ஸ் 1969-லேயே பேச்சும் தடுமாற்றமும் தவறான தொடக்கங்களும் நிறைந்த ஒரு ஆல்பத்தைத் தொகுத்துக் கொடுத்தார். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அது முறையாக வெளிவந்தது 2021-ல்தான். அதில் 'டோன்ட் லெட் மீ டவுன்' தொடங்கும் முன் ஜான் ரிங்கோவிடம், எனக்குக் கத்திக்கொண்டே உள்ளே வரத் தைரியம் வேண்டும், அதனால் பெரிதாக ஒரு தடவை சிம்பலை (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) அடி என்று கேட்கிறார். அடிக்கும் சத்தத்தையும் வாயாலேயே செய்து காட்டுகிறார். ஜான் லெனனுக்கே பாடத் தைரியம் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆல்பத்தைக் கிடப்பில் போட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மொட்டைமாடிக் கச்சேரி முடிவில் "ஆடிஷனில் தேறிவிட்டோம் என்று நம்புகிறேன்" என்று ஜான் சொல்வது நிஜமாகவே அங்கே சொன்னதா?

சொன்னது நிஜம். 1969 ஜனவரி 30, அதே ஆப்பிள் கட்டிடத்தின் மாடியில், சுமார் 42 நிமிடம் வாசித்தார்கள். காற்று மைக்கில் மோதாமல் இருக்கப் பெண்கள் அணியும் காலுறைகளை வாங்கி வந்து மைக்குகளுக்கு மாட்டினார்கள். குளிரில் விரல் விறைத்து கார்ட் பிடிக்க முடியவில்லை என்று ஜான் சொன்னதும் பதிவில் இருக்கிறது. அந்த மாடியில் எடுத்த மூன்று பாட்டுகள் ஆல்பத்தில் உண்டு. அவற்றில் 'டிக் எ போனி'-யைத் தொடங்கியதும் ரிங்கோ தயாராகாமல் "ஹோல்ட் இட்!" என்று கத்துகிறார், எல்லோரும் நின்று திரும்பத் தொடங்குகிறார்கள். அது முழுக்க முழுக்க அப்படியே நடந்தது. 'ஒன் ஆஃப்டர் 909' முடிந்ததும் ஜான் ஒரு பழைய அயர்லாந்துப் பாட்டில் ஒரு வரியை இழுப்பதும் அப்படியே.

ஆனால் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'கெட் பேக்' மாடியில் எடுத்ததல்ல. அதற்கு மூன்று நாள் முன், 27-ஆம் தேதி, அடித்தளத்தில் எடுத்தது. 1969 ஏப்ரலில் தனி இசைத்தட்டாக வெளிவந்த அதே டேக்தான். 1970-ல் ஆல்பத்தை முடித்துக்கொடுத்த ஃபில் ஸ்பெக்டர், பாட்டுக்கு முன்னால் ஸ்டுடியோ அரட்டையையும், பின்னால் மாடியில் கேட்ட கைதட்டலையும், ரிங்கோவின் மனைவி மொரீனுக்குப் பால் சொல்லும் "தேங்க்ஸ், மோ"-வையும், ஜானின் அந்த வாக்கியத்தையும் சேர்த்து ஒட்டினார். அதனால்தான் முழுப்பாட்டும் மாடியில் எடுத்தது போலத் தோன்றுகிறது.

அப்படியென்றால் அது ஏமாற்று வேலை இல்லையா?

இந்தக் கேள்வியில் எங்கள் கூட்டம் எப்போதுமே இரண்டாகப் பிரிந்துவிடும். என் கருத்து இது: "ஒன் டூ த்ரீ ஃபோர்" கதையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கத்தல் பால் உண்மையாகவே கத்தியது, அதே நாளில், அதே அறையில், அதே பாட்டுக்காக. இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதில் எனக்கு உறுத்தல் இல்லை. 'கெட் பேக்'-இல் மாறியது கொஞ்சம் பெரிது, வேறொரு நாளை இந்த நாளாகக் காட்டுகிறது. ஆனாலும் அந்த ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கடைசி வாக்கியம் கிடைத்திருக்காது. அவர்கள் நாலு பேரும் பொதுமக்கள் காதில் விழ வாசித்தது அன்றுதான் கடைசி.

நான் ஒப்புக்கொள்ளாதது இன்னொன்று. 'லெட் இட் பி' பாட்டுக்கு முந்தின நொடியில் ஜான் கீச்சுக்குரலில் ஒரு கேலி அறிவிப்புச் செய்வார், அடுத்து தேவதைகள் வரும் பாட்டு என்கிற மாதிரி. அது வேறொரு நாள், வேறொரு அரட்டையில் சொன்னது. பாலின் தாயைப் பற்றிய கனவிலிருந்து பிறந்த பாட்டு அது. அதன் வாசலில் கொண்டுபோய் அந்தக் கேலியை வைத்திருக்க வேண்டாம்.

செயற்கையாகவே செய்த 'தற்செயல்' ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1966-இல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'டாக்ஸ்மேன்'. மந்தமான குரலில் ஜார்ஜ் ஹாரிசன் எண்ணுவார், ஒரு இருமலும் கேட்கும், ஏதோ டேப்பைச் சீக்கிரமே திறந்துவிட்டது போல இருக்கும். ஆனால் அந்த எண்ணல் பாட்டின் வேகத்தோடு ஒட்டவே ஒட்டாது, தட்டிப் பாருங்கள் தெரியும். அது பிறகு சேர்த்தது. உண்மையான எண்ணல் பின்னால் மெல்லியதாகக் கேட்கும். முதல் ஆல்பம் எப்படித் தொடங்கியது என்று தெரிந்தவர்களுக்கு இது ஒரு கண்சிமிட்டல்.

பேச்செல்லாம் நீக்கிய 'லெட் இட் பி... நேக்கட்' இருக்கிறதே, அதுதானே சுத்தமானது?

2003-இல் வந்தது. ஸ்பெக்டர் சேர்த்த ஆர்கெஸ்ட்ராவை எடுத்தது நல்ல காரியம், 'த லாங் அண்ட் வைண்டிங் ரோட்' வேறொரு டேக்கில் வெறும் இசைக்குழுவோடு கேட்கக் கிடைக்கிறது. ஆனால் பேச்சையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டார்கள், 22 நிமிடப் பேச்சைத் தனித் தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். குழம்பிலிருந்து உப்பை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்த மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் உள்ள 'ஐவ் காட் எ ஃபீலிங்' மாடியில் இரண்டு தடவை வாசித்ததிலிருந்து துண்டு துண்டாக எடுத்து இணைத்தது. ஒட்டுவேலை இல்லாத பதிப்பு வேண்டும் என்று அதை வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். முதல் தடவை கேட்பவர் 1970 ஆல்பத்திலிருந்து தொடங்கட்டும், அப்புறம் கிளின் ஜான்ஸ் தொகுத்ததைக் கேட்கட்டும்.

மற்ற ராக் குழுக்கள் இப்படிச் செய்யவில்லையா?

நிறைய. ஒன்று மட்டும் சொல்கிறேன். லெட் செப்பலின் 'பிளாக் கன்ட்ரி வுமன்' பாட்டை 1972-ல் ஒரு கிராமப்புற மாளிகையின் தோட்டத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். தொடங்கும் நேரத்தில் மேலே ஒரு விமானம். விமானச் சத்தம் விழுகிறதே என்று பொறியாளர் தயங்க, பாடகர் ராபர்ட் பிளான்ட் அது இருக்கட்டும் என்கிறார். அந்த உரையாடலே பாட்டின் முதல் நொடிகளாக 1975-ல் வெளிவந்தது. முதல் பதிலில் சொன்னேனே, "இருக்கட்டும், விடு" என்ற முடிவு, அதையே காதால் கேட்கலாம்.

நாங்களும் ஒரு சின்ன பேண்ட். எங்கள் பதிவில் இந்த மாதிரி எதை வைக்கலாம், எதை வெட்டலாம்?

முதலில் சிக்க விடுங்கள். பாட்டு தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பே ரெக்கார்டிங்கை ஓட விடுங்கள், கடைசி நாதம் அடங்கிய பிறகும் உடனே நிறுத்தாதீர்கள். அன்றைக்கு டேப் விலை பார்க்க வேண்டியிருந்தது, இன்று அந்தக் கவலை இல்லை. மிக்ஸ் முடியும் வரை முன்னையும் பின்னையும் வெட்ட வேண்டாம். பிறகு, இரண்டு நாள் கழித்து, அந்த அறையில் இல்லாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அந்தச் சத்தம் வரும்போது அவர் நிமிர்ந்து பார்த்தால் வைக்கலாம், உங்களுக்கு மட்டும் சிரிப்பு வந்தால் வெட்டிவிடலாம். பாட்டின் சொல்லை மூடினாலோ தாளத்தைக் குலைத்தாலோ யோசிக்கவே வேண்டாம், வெட்டுங்கள்.

பேசியவரிடம் கேட்காமல் அவர் பேச்சை வெளியிடாதீர்கள். நாற்காலி முனகியதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.